சக்கரம் பளபளக்கட்டும்... பாத்ரூமில் வேண்டாம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி சாப்பிட்டாச்சு, பேப்பரும் படிச்சாச்சு. உங்கள் வீட்டுப் பிள்ளை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, பழைய டூத் பிரஷ், ஒரு டப்பா, ஒரு பாட்டில். “என்னடா பண்றே?” என்று கேட்டால், “ரிம்மை உரிச்சுட்டு பாலிஷ் போடப் போறேன். கடையில கேட்டா ரொம்ப சொல்றாங்க, நாமளே பண்ணிக்கலாம்” என்கிறான்.

உங்களுக்கும் சந்தோஷம்தான். பிள்ளை ஊர் சுத்தாமல் வீட்டில் இருக்கிறான். கைவேலை பழகுகிறான். காசும் மிச்சம். காபி போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? அந்தப் பாட்டிலில்? அவன் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஜன்னல் திறந்திருக்கிறதா?

“இதெல்லாம் பைக் சமாச்சாரம். குடும்ப ஆரோக்கியத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அக்கா வீட்டில், கத்திரி வெயிலில், ஒரு மத்தியான வேளையில் தெரிந்துகொண்டேன்.

98 காட்டிய கருவி

அக்காவுக்குத் திருச்சி. அத்தான் 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். அவர் விட்டுப்போனதில் அக்கா மகனுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பழைய ஆர்.எக்ஸ்.100. 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. இன்றைக்கும் அதன் சத்தத்தைக் கேட்டால் திரும்பிப் பார்க்காத ஆள் கிடையாது. அத்தான் கல்யாணமான புதிதில், அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எடுத்த போட்டோ ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் இரண்டு சக்கரமும் கண்ணாடி மாதிரி மின்னும். இப்போது அந்தச் சக்கரங்களில் கறுப்பு பெயிண்ட். “போட்டோவில இருக்கிற மாதிரியே கொண்டு வர்றேன் பாருங்க மாமா” என்று கிளம்பினான் பையன்.

பெயிண்டை உரிக்க ஒரு டப்பா வாங்கி வந்தான். பெயிண்ட் ரிமூவர். கஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கும். தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் பெயிண்ட் அப்பளம் பொரிகிற மாதிரி குமிழ் குமிழாக எழும்பி வந்துவிடும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். வாடை வெளியே போனால் மாடி வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று பாத்ரூமுக்குள் சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மணைப்பலகை போட்டு உட்கார்ந்துவிட்டான். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கதவைத் தள்ளினால், சுவரில் சாய்ந்து தூங்குகிற மாதிரி கிடக்கிறான். நல்லவேளை, உள்தாழ்ப்பாள் போடவில்லை. நானும் அக்காவும் இழுத்து வந்து கூடத்தில் போட்டோம். அதற்குள் எங்களுக்கே தலை கிறுகிறுத்தது. பத்து நிமிஷத்தில் கண் திறந்தான். “வெயில்தான்” என்றோம். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தோம். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்த விரல் கருவி வீட்டில் இருந்தது. மாட்டிப் பார்த்தோம். 98 காட்டியது. “அப்பாடா, ஆக்சிஜன் நல்லா இருக்கு” என்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

சாயந்திரம் தலைவலி மண்டையைப் பிளக்கிறது என்றான். வாந்தி. நெஞ்சு கனக்கிறது என்றான். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார். வந்து பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, “எதைப் போட்டு உரிச்சே? அந்த டப்பாவை எடுத்துட்டு வா.” அந்த டப்பாவோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராத்திரி முழுக்க ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தான் பையன்.

அங்கே டாக்டர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்களும் கேளுங்கள்.

பல பெயிண்ட் ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது. டைகுளோரோமீத்தேன் என்றும் போட்டிருப்பார்கள். இது சுமார் 40 டிகிரியில் கொதிக்கிற சரக்கு. கத்திரி வெயிலில் நம் ஊர்களில் வெயிலே 40-ஐத் தாண்டுகிறது! டப்பாவைத் திறந்தாலே ஆவி ‘புஸ்’ஸென்று கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். ஆகவே மேலே போகாது. தரையோடு தரையாகத் தேங்கும். மணைப்பலகையில் உட்கார்ந்தவன் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. கூரைக்குப் பக்கத்தில் ஓடுகிற ஃபேன் என்ன செய்யும் பாவம்?

அந்த ஆவி முதலில் மயக்க மருந்து மாதிரி வேலை செய்கிறது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. உள்ளே போனதை நம் கல்லீரல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள், ஜெனரேட்டரை உள்ளே ஓட விட்டவர்கள் செத்துப்போனதாகப் படிக்கிறோமே, அதே வாயு! அவர்கள் அதை வெளியிலிருந்து சுவாசித்தார்கள். இங்கே அது உடம்புக்குள்ளேயே தயாராகிறது. கொழுப்பில் தங்கிய மருந்து மெல்ல மெல்ல வெளியே வருவதால், வேலையை நிறுத்திவிட்டு எழுந்து வந்த பிறகும் மணிக்கணக்கில் தயாராகிக்கொண்டே இருக்கும். மத்தியானம் எழுந்து உட்கார்ந்தவனுக்குச் சாயந்திரம் மோசமானது அதனால்தான்.

அப்புறம் அந்த 98? ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிமானம் அதற்கு. அப்படிப்பட்ட ரத்தமும் நல்ல சிவப்பாகவே இருக்கும். வீட்டில் இருக்கிற விரல் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அது பாட்டுக்கு 98, 99 என்று காட்டிக்கொண்டிருக்கும். நாமும் நிம்மதியாக மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

ஏதோ திருச்சியில் ஒரு பையனுக்கு நடந்த விபத்து என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளுக்குப் புதிதாகப் பூச்சுப் போடும் தொழிலாளர்கள், இதே ரகப் பூச்சு நீக்கியைப் பாத்ரூமுக்குள் பயன்படுத்தி, 2000-லிருந்து 2011-க்குள் 13 பேர் இறந்ததை அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2012-ல் எழுதியது. பெயிண்ட் உரிக்க இதைப் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது என்று 2019-ல் அங்கே தடையே போட்டுவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வலுவாகச் சந்தேகிக்கப்படும் பொருள்களின் வரிசையில் 2014-ல் இதைச் சேர்த்தது. நம் பையன்களோ, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார்கள்.

“கையுறை போட்டுக்கிட்டுத்தான் பண்றேன்” என்பார்கள். சாதாரண ரப்பர் கையுறையையும், நீல நிறத்தில் வருகிற மெல்லிய கையுறையையும் இந்தத் திரவம் சில நிமிஷங்களிலேயே ஊடுருவிவிடும். துணி மாஸ்க்கும், கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கும் தூசியைத் தடுக்குமே தவிர, இந்த ஆவியைத் தடுக்காது.

பழைய ஆசிட், புதிய ஆபத்து

ரிமூவர் வேண்டாம், ஆசிட்டே போதும் என்று ஒரு கட்சி உண்டு. ரிம்மில் துரு ஏறிவிட்டால் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றி ஊற வைப்பது. அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு போகும், வாஸ்தவம். கூடவே குரோம் பூச்சும் போகும். கிளம்புகிற புகை தொண்டையை அரிக்கும். ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கிறவருக்கு அன்றைக்கே இழுப்பு வந்துவிடும்.

இதைவிடப் பயங்கரம் ஒன்று இருக்கிறது. அதே பாத்ரூமில் நேற்று பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பீர்கள். அதன் மேல் இந்த ஆசிட் ஓடினால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரே ஊருக்குப் பக்கத்தில் ராணுவ வீரர்கள் மேல் திறந்துவிட்ட அதே குளோரின். போர்க்களத்தில் போட்டதை நாம் நாலுக்கு ஏழடி பாத்ரூமில் தயாரிக்க வேண்டுமா?

மிச்சமாகும் ஆசிட்டை எதில் ஊற்றி வைக்கிறார்கள்? கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்! வெயிலில் விளையாடிவிட்டு வருகிற குழந்தைக்கு அது கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தானே? ஒரு வாய் உள்ளே போனால் போதும். உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கி, இட்லியைக்கூட விழுங்க முடியாமல், குழாயை விரிவுபடுத்த மாசத்துக்கு மாசம் ஆஸ்பத்திரிக்கு அலைகிற குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள், ரிம் பளபளப்பு எவ்வளவு முக்கியம் என்று.

அலாய் வீல் வைத்திருக்கிறவர்கள் காஸ்டிக் சோடா பக்கம் போகிறார்கள். அலுமினியத்தின் மேல் அது பட்டால் சூடாகிப் பொங்கும். எளிதில் தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். தெறித்துக் கண்ணில் பட்டால்? ஆசிட்டைவிட காரம் பொல்லாதது. சுண்ணாம்பு கண்ணில் பட்டுப் பார்வை போனவர்களை நம் பாட்டிகளுக்குத் தெரியும். காஸ்டிக் சோடா அந்தச் சுண்ணாம்புக்கு அண்ணன். பட்ட இடத்தோடு நிற்காமல் உள்ளே உள்ளே இறங்கும்.

வீல் கிளீனர், துரு நீக்கி என்று கடையில் விற்கிற சில ரகங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அமோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். இது சத்தம் போடாமல் கடிக்கிற பாம்பு. நீர்த்த நிலையில் கையில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் எலும்புவரை வலி வரும். உடம்பில் உள்ள கால்சியத்தை உறிஞ்சி, அளவு அதிகமானால் இதயத் துடிப்பையே குலைக்கும். லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தால் வாங்காதீர்கள். பட்டுவிட்டால், தண்ணீரில் கழுவிவிட்டு அந்தப் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதற்கென்று கால்சியம் குளூகோனேட் மருந்து உண்டு. என்ன பட்டது என்று தெரிந்தால்தானே டாக்டர் அதைக் கொடுக்க முடியும்?

இன்னொரு கெட்டிக்கார வழி: வாளியில் காஸ்டிக் கரைசல், பாட்டரி சார்ஜர், இரண்டு வயர். குரோம் தானாகக் கழன்றுவிடும். தண்ணீர் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் என்ன தெரியுமா? ஆறு இணைதிறன் குரோமியம். மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிரூபணமான பொருள் என்று 1990-லேயே பட்டியலில் ஏறியது. அந்த வாளித் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? கிணற்றடியிலா? தென்னை மரத்துக்கா? ராணிப்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள். குரோமியக் கழிவு ஒரு முறை மண்ணில் இறங்கினால், ஆலையை மூடிய பிறகும் எத்தனை வருஷம் நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்று சொல்வார்கள்.

ஆசிட்டில் ஊறிய ஸ்போக்ஸ் கம்பிகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. அமிலத்திலிருந்து வருகிற ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து கம்பியை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டு வந்துவிடலாம். பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கும்போது ‘படக்’!

மொட்டை மாடி வடகமும் பெயிண்ட் தூசியும்

“சரி சார், மருந்தே வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன்.” இப்படிச் சொல்கிற பிள்ளை கொஞ்சம் தேவலை. ஆனால் அவன் தேய்க்கிற இடம் மொட்டை மாடி. பக்கத்தில் வடகமும் மிளகாயும் காய்கிறது. கொடியில் குழந்தையின் சட்டை தொங்குகிறது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த மஞ்சளிலும் சிவப்பிலும் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? ஈயத் தூசி பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். வயிற்றுக்குள் போகிற ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைப்போல நாலைந்து மடங்கை அவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்கிறது. மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் எல்லாவற்றையும் அது தொடுகிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிப் பெண் வீட்டில் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் டிரம்முக்குள் கறுப்பாகத் தூசி படிந்திருக்கும். எல்லோரும் என்ன செய்கிறோம்? ‘உஃப்’ என்று வாயால் ஊதுகிறோம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஊதியது திரும்ப நம் மூக்குக்குள்தான் வரும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் போட்டுக் கட்டி எறியுங்கள். ஊதவே ஊதாதீர்கள்.

டிரில் மெஷினில் கம்பி பிரஷ்ஷோ, துணிச் சக்கரமோ மாட்டித் தேய்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த பிரஷ்ஷிலிருந்து ஒரு கம்பி கழன்றால் நேரே கண்ணுக்கு வரும். நீங்கள் போட்டிருக்கிற பவர் கண்ணாடி பக்கவாட்டில் காப்பாற்றாது. லுங்கி, புடவைத் தலைப்பு, துப்பட்டா, கழுத்துச் செயின் எதுவாக இருந்தாலும் சுழல்கிற சக்கரம் இழுத்துக்கொள்ளும். நூல் கையுறை போட்டால் கையையும் சேர்த்து இழுக்கும்.

ஒரு விநாடி, ஒரு விரல்

இது எல்லாவற்றையும்விட நம் ஊரில் சர்வ சாதாரணமாக நடக்கிற விபத்து ஒன்று இருக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஓட விட்டு, கியரில் போட்டுவிட்டு, பின்சக்கரம் சுற்றும்போது துணியை வைத்துப் பிடிப்பது. சீக்கிரம் பளபளக்குமாம்! துணியின் முனை செயினில் சிக்கும். செயின் பல்சக்கரத்துக்குள் ஓடும். துணியோடு விரலும் போகும். ஒரு விநாடிதான். கை அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர்களைக் கேளுங்கள், பைக் செயினில் விரலைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று. அதிலும் அப்பா துடைப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் கை வைத்த குழந்தைகள்!

அப்படி விரல் துண்டாகிவிட்டால், அதை நேராக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் வைத்த இன்னொரு கவருக்குள் வையுங்கள். சீக்கிரமாகக் கொண்டுபோனால் சில சமயம் ஒட்ட வைக்க முடியும். 108-க்குப் போன் செய்ய யோசிக்காதீர்கள்.

மருந்து கண்ணில் பட்டால் குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து இருபது நிமிஷமாவது தண்ணீர் விடுங்கள். பால், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆசிட்டையோ தின்னரையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணி கொடுக்கிற வேலையே வேண்டாம். வரும்போது ஒரு தடவை வெந்தது, போகும்போது இன்னொரு தடவை வேகும். தின்னர் என்றால் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். மூடிய அறையில் மயங்கியவரை இழுக்கப் போகும்போது முதலில் கதவு ஜன்னலைத் திறங்கள், கூட ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களும் விழுந்துவிட்டால் யார் தூக்குவது?

“எங்க அப்பா பண்ணலையா?”

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “எங்க அப்பா பெட்ரோல்லயே கை கழுவுவார். அவருக்கு என்ன ஆச்சு?”

அப்பா செய்தது மண்ணெண்ணெய்த் துணியும் தேங்காயெண்ணெயும். மிஞ்சிப் போனால் பித்தளைக்குப் போடுகிற பாலிஷ். அவர் உட்கார்ந்தது வாசல் திண்ணை, இல்லாவிட்டால் வேப்ப மரத்தடி. நமக்கு வாய்த்தது அபார்ட்மென்ட் பாத்ரூம். வீடு சுருங்கிவிட்டது, டப்பாவில் இருக்கிற மருந்து வீரியமாகிவிட்டது. அப்பாவின் தைரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

இன்னொரு சமாச்சாரம். உரிக்க ஆசைப்படுகிறவன் ஒருவன். மூச்சு இழுக்கிறவர்கள் வீட்டில் எத்தனை பேர்? பி.பி.யும் நெஞ்சுவலியும் இருக்கிற அப்பா, மாசமாக இருக்கிற மருமகள், தரையில் தவழ்கிற குழந்தை. அவர்களை யாராவது கேட்டார்களா? இதய நோய் இருப்பவருக்குக் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் ஏறினாலே ஆபத்து. தன் நுரையீரலைப் பணயம் வைக்கிற உரிமை ஒருவனுக்கு இருக்கலாம். வீட்டார் நுரையீரலைப் பணயம் வைக்க உரிமை கிடையாது என்பது என் கட்சி.

அப்படியானால் கடையில் கொடுத்துவிடலாமா? இங்கேதான் எனக்கு மனசு உறுத்துகிறது. பாலிஷ் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். முகமெல்லாம் கரி பூசியமாதிரி, வாயில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒரு பையன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான். குரோம் பூசுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் கையில் புண், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவது மருத்துவப் புத்தகங்களில் எப்போதோ ஏறிவிட்ட விஷயம். மணலைப் பீய்ச்சிப் பெயிண்ட் எடுக்கிற இடத்தில் வேலை செய்தால் நுரையீரல் சிலிக்கா நோய் வரும். நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

ஆகவே கடைக்குப் போனால் கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்கள். தூசியை இழுக்கிற மெஷின் இருக்கிறதா? வேலை செய்கிறவருக்குச் சரியான மாஸ்க்கும் கண்ணாடியும் இருக்கிறதா? பதினெட்டு வயது ஆகாத பையனை இந்த மாதிரி ஆபத்தான வேலையில் வைப்பது 2016-ல் திருத்திய சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கடையில் கொடுக்காதீர்கள். நூறு இருநூறு அதிகம் வாங்கினாலும், ஆளைக் காப்பாற்றித் தொழில் செய்கிற கடைக்குக் கொடுங்கள். நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது கடைக்காரர் மாறுவார்.

துடைக்கலாம்... உரிக்க வேண்டாம்

நான் வண்டி துடைப்பதற்கு விரோதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைப்பது மனசுக்கு நல்லது, உடம்புக்கும் நல்ல வேலை. வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

* வண்டியை வெட்டவெளியில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப், சாவி உங்கள் பாக்கெட்டில். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

* முதலில் சோப்புத் தண்ணீர். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும்.

* குரோம் ரிம்மில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால், சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமைக் கீறாமல் துரு வந்துவிடும். காசும் இல்லை, விஷமும் இல்லை.

* அப்புறம் மெட்டல் பாலிஷ் கொஞ்சம், மெல்லிய துணி. அதுவும் காற்றோட்டமான இடத்தில். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு பக்கத்தில் வேண்டாம். டிஸ்க் பிரேக் தட்டில் பாலிஷ் படவே கூடாது, பிரேக் வழுக்கும்.

* பெயிண்டைத் தேய்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் வாட்டர் பேப்பரை நனைத்து, ஈரமாகவே தேயுங்கள். தூசி பறக்காது. வழிகிற சேற்றைத் துணியில் ஒற்றி எடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

* முடித்ததும் கை கழுவிவிட்டுத்தான் காபி. போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

* எந்த டப்பாவையும் அதன் சொந்த பாட்டிலிலிருந்து மாற்றாதீர்கள். பூட்டுப்போட்ட, கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

கடைசியாக, ரிம் உரித்துப் பாலிஷ் போட்ட கையோடு அதன் மேல் ‘லாக்கர்’ அடிக்கிறேன் என்பார்கள். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற ரகம் என்றால் அதில் ஐசோசயனேட் இருக்கும். இதுவரை இல்லாதவர்களுக்கும் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் இழுக்கும். அது வீட்டு வேலையே அல்ல.

வீட்டு அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். மளிகைச் சாமானில் எக்ஸ்பயரி தேதி பார்க்கிறீர்கள். பிள்ளை வாங்கி வருகிற டப்பாவையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். “இது பைக் விஷயம், உனக்குத் தெரியாதும்மா” என்பான். தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த வாடை என் வீட்டுக்குள் வரலாமா, கூடாதா? அதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

அக்கா மகன் ரெண்டு நாளில் வீடு திரும்பினான். பாதி உரிந்தும் உரியாமலும் அந்தச் சக்கரம் பாத்ரூம் வாசலிலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்: “இந்தக் கறுப்பு பெயிண்டை எந்த மெக்கானிக்கும் அடிக்கலைடா. நீ மூணாங் கிளாஸ் படிக்கிறப்போ, துருப்பிடிச்சிருச்சேன்னு உங்க அப்பாவே உட்கார்ந்து அடிச்சது. நீதான் பக்கத்துல டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னே.”

பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சக்கரத்தை அப்படியே மாட்டினான். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளி. இப்போதும் அப்படித்தான் ஓடுகிறது. பின்னால் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் வீட்டு வண்டியும் அழுக்காக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஓட்டுகிறவன் நன்றாக மூச்சுவிட்டால் போதும்!